முகம் கேட்ட தலைவர்

திருநெல்வேலி ஓவியக் கண்காட்சியில் பேச்சித்தாய் மாட்டியிருந்த அம்மன் படத்தில், கறுப்பும் நடுவில் ஒரு சிவப்பு வட்டமும்தான் இருந்தன. அவள் வரைந்து நாலு பேர் பார்க்க வைத்த முதல் படம் அது. கண்காட்சியை நடத்திய சபாவின் தலைவர் ஆவுடையப்பன் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"கண்ணு இல்ல, மூக்கு இல்ல, இதுக்குப் பேரு அம்மனா? திறப்பு விழா பூஜை முடியுறதுக்குள்ள முகத்தை வரை. இல்லன்னா எடுத்திரு. முகம் இல்லாத சாமி எதுவும் என் மண்டபத்துல இருக்கக் கூடாது."

"முகம் வரைய மாட்டேன்யா. எடுத்திருதேன். ஒண்ணு விடாம எடுத்திருதேன்" என்றாள் பேச்சித்தாய்.

பூஜை தொடங்கியது. தலைவரே மஞ்சளைப் பிசைந்து பிள்ளையார் பிடித்து வெற்றிலையில் வைத்தார். உச்சியில் அருகம்புல் செருகி, தலையில் குட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தால், வெற்றிலையோடு அதைத் தூக்கிக்கொண்டு பேச்சித்தாய் வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"ஏ பிள்ள, பிள்ளையாரை எங்க கொண்டு போற?"

"இது பிள்ளையாரா? தும்பிக்கையைக் காணோமேய்யா! முகம் இல்லாத சாமி எதுவும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் சிரித்தது. தலைவர் பிள்ளையாரை வாங்கி மறுபடி வைத்தார். அம்மன் படமும் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

மாலையில் ஒருவர் வந்து, "அம்மனுக்கு முகம் எங்கய்யா?" என்று அவரிடமே கேட்டார்.

"கும்பிடத் தெரிஞ்சவன் கண்ணுக்குத் தெரியும்வே!" என்று சீறினார் ஆவுடையப்பன்.