சேர்மன் பெயர் பொறித்த குழாய்

அந்த ஊரில் சேர்மன் வீரபாகு சொல்லிவிட்டால் அலுமினியம்கூட உருகக் கூடாது. கார் எடை குறைய, எஞ்சினை ஒட்டிய சைலன்சர் குழாயை அலுமினியத்தில் கேட்டார். "சூட்டுல உருகிடுங்க" என்ற மெக்கானிக்கின் விரல்களை அவர் ஆட்கள் நசுக்கினார்கள். அடுத்து மாட்டியவள் வெல்டர் செங்கமலம். கேட்டபடியே செய்து காரில் பொருத்தினாள்.

ஊரே திரண்டு நின்றது. "ஸ்டார்ட் பண்ணு!" என்றார் சேர்மன்.

"பண்றேங்கய்யா. தண்ணித் தொட்டி, பஸ் ஸ்டாப் எல்லாத்துலயும் உங்க பேர் இருக்கே! இதுலயும் அதே அலுமினியத்துல பேர் வெட்டி, குழாய் மேலயே வெச்சிருக்கேன். சூடேறட்டும், ஊர் பாக்கட்டும்."

அவள் கை சாவிக்குப் போனது.

"நிறுத்து! பேரைக் கழட்டு!"

"ஏங்கய்யா, உருகிடுமா?"

கூட்டத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்ற மெக்கானிக் அவர் வாயையே பார்த்தான்.

"இரும்புலயே செஞ்சு தொலை" என்றார் சேர்மன்.