உப்பளத்தில் கிடைத்த வாடிக்கையாளர்

செண்பகவல்லிக்கு ஐம்பத்தொரு வயது. அவளுக்குப் பாடம் சொல்லித்தந்த இர்ஃபானுக்கு முப்பத்தாறு.

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் அவள். கடற்கரை உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் அங்கே வருவார்கள். முகமும் காலும் வீங்கியிருக்கும். ரத்தத்தைச் சோதித்தால் சிறுநீரகம் இரண்டும் போயிருக்கும். நாலைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். முடிவுத் தாளில் கையெழுத்துப் போடுவது செண்பகவல்லியின் வேலை. ஒருநாள், இனி போட முடியாது என்று தோன்றியது. வேலையை விட்டாள்.

கூடவே வேலை பார்த்த ஜெபமணியையும் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கினாள். ஆறு ஆண்டுகள் உழைத்து ஒரு பட்டை செய்தார்கள். விரல் நீளக் காகிதப் பட்டை. சிறுநீரில் தோய்த்தால் போதும். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தால், உடம்புக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே பட்டையின் மஞ்சள் நிறம் ஊதாவாகிவிடும். ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம். தொள்ளாயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். தவறியது மிகக் குறைவு.

அதுவரை கம்பெனியை நடத்திய ஆராய்ச்சி மானியம் அத்தோடு முடிந்தது. அடுத்ததாகக் கிடைத்தது பயிற்சி மானியம். கண்டுபிடிப்பை ஆய்வகத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுபோகக் கற்றுத்தருவார்கள். மதுரையில் எட்டு வாரம். முடிவில், வாங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த கட்ட மானியம். இல்லையென்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

முதல் நாள் இர்ஃபான் பட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத யாரு வாங்குவாங்க மேடம்?"

"நோயாளிங்க சார்."

"நோயாளின்னு அவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பட்டையில பார்த்த பிறகு."

"அப்ப வாங்கும்போது அவங்க யாரு?"

இர்ஃபான் பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். உப்பளத்துக்குப் போய் நூறு பேரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. பட்டையை யாரிடமும் காட்டக் கூடாது.

"காட்டாம எப்படி சார் கேக்கறது?"

"காட்டினா உங்க பட்டையப் பத்திச் சொல்வாங்க. காட்டலைன்னாதான் அவங்களப் பத்திச் சொல்வாங்க."

அவள் போனாள். விடிவதற்கு முன்பே பெண்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையில் குவிக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது. செண்பகவல்லி வரப்பில் உட்கார்ந்து அவர்கள் இளைப்பாறும் நேரத்தில் பேசினாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள், தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், இந்த வெட்டவெளியில் எங்கே ஒதுங்குவது என்று. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை யாரும் தண்ணீரே குடிப்பதில்லை.

அறுபது பேரைப் பார்த்த பிறகு மதுரைக்குத் திரும்பி வந்தாள்.

"சார், அவங்களுக்கு வேண்டியது பட்டை இல்ல. கக்கூஸ். அறுபது பேரும் அதத்தான் சொன்னாங்க."

"சரி."

"அதுக்கு மானியம் இருக்கா சார்?"

"இல்ல. அத ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சு."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். மீதி நாற்பது பேரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

எழுபத்துமூன்றாவதாகப் பேசியவள் பேச்சித்தாய். நாற்பது வயதிருக்கும். கணவன் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே செண்பகவல்லியின் கண் அவள் கணுக்காலுக்குப் போய்விட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய குழி அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த குழி. பையில் பட்டை இருந்தது. காட்டக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்த பிறகும் எடுத்தாள்.

உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் பேச்சித்தாய் பட்டையை நனைத்துக் கொண்டுவந்தாள். அது ஊதாவாக மாறியிருந்தது. செண்பகவல்லி பக்குவமாகத்தான் சொன்னாள். இப்போதே பார்த்துக்கொண்டால் பயமில்லை, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா, நானே கூட இருக்கிறேன் என்றாள். பக்கத்துப் பாத்தியில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அளம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை பேச்சித்தாய் வந்தாள். ரத்தச் சோதனையும் பட்டை சொன்னதையே சொன்னது. பாதி போயிருந்தது, பாதி மிச்சமிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். செண்பகவல்லி அன்று நிம்மதியாக வீடு திரும்பினாள். ஆறு ஆண்டுகளில் பட்டை காப்பாற்றிய முதல் ஆள் என்று ஜெபமணியிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் அளத்தில் பேச்சித்தாயைக் காணவில்லை. விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். பகல் வேளையில் வீட்டில் இருந்து பழகாதவள்போல, பேச்சித்தாய் வாசலில் ஒரு பக்கமாக ஒண்டி நின்றுகொண்டிருந்தாள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அளத்துக் கங்காணி சொல்லிவிட்டாராம். நாளைக்குப் பாத்தியில் விழுந்து செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். பக்கத்து அளங்களிலும் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கேயும் விஷயம் போயிருந்தது.

செண்பகவல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய டாக்டரம்மா," என்றாள் பேச்சித்தாய். "முன்னால சீக்கும் இருந்துச்சு, வேலையும் இருந்துச்சு. இப்ப சீக்கு மட்டுந்தான் இருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. செண்பகவல்லி டாக்டர் இல்லை. அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராகக் கங்காணியிடம் போனாள். அவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார், கலர் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். பேச்சித்தாயை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு பட்டையைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு நேரத்தில் தெரியும், படிக்காதவர்கள்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாமா, வெளியே ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களிடமும் கண்டுபிடிக்குமா என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்டார். அதுவரை அளத்தில் பட்டையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. செண்பகவல்லி எல்லாவற்றுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்துப் பின்னால் பல நாள் கூசினாள்.

இரண்டு நாள் கழித்து அளத்து முதலாளியே போன் செய்தார். அவரிடம் நானூறு பேர் வேலை செய்கிறார்கள். சீசன் தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரு பட்டை, நடுவில் இன்னொன்று. பக்கத்து அளக்காரர்கள் இரண்டு பேரும் கேட்கிறார்கள் என்றார்.

ஜெபமணி ஓடிப்போய் ஸ்வீட் வாங்கி வந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மணி நேரம் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதன் பிறகு செண்பகவல்லி முதலாளியைத் திரும்பக் கூப்பிட்டு, பட்டை நிறம் மாறினால் அந்தப் பெண்ணை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

வெயிலில் நிற்கவைப்பது பாவம் இல்லையா, அதனால் எடுக்க மாட்டோம் என்றார் அவர். வைத்தியத்துக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கேட்டாள்.

"அது அவங்க பாடும்மா," என்றார்.

மறுநாள் அவள் மதுரைக்குப் போனாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு இர்ஃபான் எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். பட்டையைக் காட்டியதையும் சொன்னாள். அவர் அதற்காகக் கண்டிக்கவில்லை.

"வாடிக்கையாளர் கிடைச்சிட்டாரு சார். விக்கவா?"

இர்ஃபான் தன் கதையைச் சொன்னார்.

படித்து முடித்ததும் அவர் ஒரு கருவி செய்தார். வாயில் வைத்து ஊதினால் நுரையீரல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்லும். பஞ்சுத்தூசியில் வேலை செய்து மூச்சிழுப்பு வந்தவர்களுக்காகச் செய்தது. அவருடைய அம்மா நூற்பாலையில் இருந்தவள். ஆலைகள் கருவியை வாங்கின. வாங்கி, ஆஸ்பத்திரியில் வைக்காமல் வாசலில் வைத்தன. காலையில் ஊத வேண்டும். முள் சிவப்பைத் தொட்டால் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே வருடத்தில் அந்த ஆலைகளில் மூச்சிழுப்புக்காரர் ஒருவர்கூட இல்லை. நோயை ஒழித்த கருவி என்று மேடையில் பட்டயம் கொடுத்தார்கள். அந்த மேடையின் கீழே முன்வரிசையில் அவர் அம்மா உட்கார்ந்து கைதட்டினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவளயும் வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பினாங்களே."

செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் கம்பெனியை மூடிவிட்டேன் என்றார் இர்ஃபான். மூடியதால் வாசலில் ஊதவைப்பது நின்றுவிடவில்லை, இன்னொருவர் அதையே செய்து விற்கிறார் என்றார். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

கடைசி நாள் ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் வாடிக்கையாளர் யார் என்று சொல்ல வேண்டும். செண்பகவல்லி எழுந்து நின்றாள். நூறு பேரிடம் பேசினேன், விற்கக் கூடிய ஆள் யாரும் கிடைக்கவில்லை என்றாள். கேள்வி கேட்கும் குழுவில் ஒருவர் அவளுடைய உழைப்பைப் பாராட்டினார். சந்தையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் செய்த கண்டுபிடிப்பு என்று குறிப்பெழுதினார்கள். பின்வரிசையில் இருந்த ஜெபமணி எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

கம்பெனி மூடப்பட்டது. மிச்சமிருந்த பட்டைகள் ஈரம் பட்டு வீணாயின.

அடுத்த சீசன் வந்தது. பட்டை கிடைக்காத முதலாளி, தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றை வேனோடு அளத்துக்கே வரவழைத்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனை ஏற்கெனவே அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்குமேல் பட்டை அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த சீசனில் பதினொரு பெண்களுக்கு வேலை இல்லை. கக்கூஸ் கட்டவில்லை. அடிக்கடி ஒதுங்கினால் சீக்கு என்று சந்தேகம் வரும் என்று பயந்து, உள்ளே மிஞ்சியவர்கள் வேலைக்கு வருமுன் வீட்டில் குடித்த தண்ணீரையும் குறைத்தார்கள்.

பேச்சித்தாய் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளும் வேலைக்குப் போனாள். அளத்தில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. மூத்த பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளோடு வந்து உட்கார்ந்தாள். மாதம் ஒருமுறை செண்பகவல்லி பேச்சித்தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். மிச்சமிருந்த பாதி அப்படியே நின்றது. டாக்டர் சந்தோஷப்பட்டார். இன்னும் இருபது வருடம் தாராளமாக இருப்பாய் என்று பேச்சித்தாயிடம் சொன்னார்.

பேச்சித்தாய் பஸ்ஸில் வரும்போது, "இருவது வருசமா?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனிக் காகிதங்களில் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் செண்பகவல்லி இன்னொரு தடவை மதுரைக்குப் போனாள். புதிய வகுப்பு தொடங்கியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருபது பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இர்ஃபான் வெளியே வந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பேச்சித்தாய் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அவள் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டு முடித்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நான் விக்காததுனால யாருக்கும் ஒரு நல்லதும் நடக்கல சார். ரத்தம் எடுத்துக் கண்டுபிடிச்சிட்டாங்க."

"தெரியும்."

"அன்னிக்கு விக்காதீங்கன்னும் சொல்லல. வில்லுங்கன்னும் சொல்லல நீங்க."

"ஆமா."

"எனக்கு முன்னால இப்படி யாராவது வந்து உங்ககிட்ட கேட்டிருக்காங்களா?"

"மூணு பேர்."

"என்ன செஞ்சாங்க?"

"வித்தாங்க."

கதவுக்குள் யாரோ எதையோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். செண்பகவல்லி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அவங்களுக்கும் உங்க அம்மா கதையச் சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றார் இர்ஃபான். "உங்களவிட அதிகமா அழுதாங்க."