மணமகன் தேவை பக்கத்தில் விழுந்த குண்டுகள்

"என் பேரை எடுத்துடுங்க, கோச்," என்றாள் எப்சிபா.

நாச்சியார் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். தின்பதை நிறுத்தவில்லை.

"எதுலேருந்துக்கா?"

"ஞாயித்துக்கெழமை போட்டியிலேருந்து."

எப்சிபா அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஐம்பதை நெருங்கும் வயதில் துப்பாக்கி சுடக் கற்க வந்தவள். நாச்சியார் அவளைவிட ரொம்ப இளையவள். கரிசல் காட்டுக்கு நடுவே, ஒரு குன்றின் அடியில் இருந்த ரைஃபிள் கிளப்பில் பயிற்சி கொடுப்பவள்.

அந்தக் கிளப்பிலிருந்து முதன்முறையாகப் பெண்கள் அணி ஒன்று வெளியூர் போகவிருந்தது. மூன்று பேர் இருந்தால்தான் அணி. மற்ற இருவர் தேன்மொழியும் ரஹ்மத்தும். எப்சிபா விலகினால் அவர்களும் வீட்டில்தான்.

"காரணம்?"

எப்சிபா மேசைமேல் கிடந்த தன் துப்பாக்கியைக் காட்டினாள்.

ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் பின்னே இழுத்து, முன்னே தள்ளி, பூட்டிச் சுடுகிற ரகம். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. அதன் தலையில் உட்கார்ந்திருந்த, குறிபார்க்கும் ஸ்கோப் அதைவிட மலிவு.

"வட்டத்துக்கு நடுவுல வச்சுத்தான் சுடுறேன். இடதுபக்கம் போவுது. ஸ்கோப்போட திருகைத் திருப்புறேன். வலதுபக்கம் போவுது. மறுபடி திருப்புறேன். மேல ஏறிடுது. எல்லாரும் சொல்றது சரிதான். விலைக்கேத்த சாமான்."

"எத்தனை குண்டுக்கு ஒருதரம் திருப்புவீங்க?"

"ஒவ்வொரு குண்டுக்கும்தான். தப்பாப் போனா திருத்த வேண்டாமா?"

நாச்சியார் பழத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய் ஒரு கறுப்பு டேப்பையும் பழைய செய்தித்தாளையும் எடுத்து வந்தாள்.

ஸ்கோப்பின் மேலே ஒரு திருகு. பக்கவாட்டில் ஒரு திருகு. இரண்டையும் டேப்பால் சுற்றி ஒட்டினாள்.

"இது எதுக்கு?"

நாச்சியார் செய்தித்தாளைப் பிரித்தாள்.

அதில் ஒரு பக்கத்தை உருவினாள். அதன் நடுவே சதுரமாக ஒரு டேப்புத் துண்டை ஒட்டினாள். குண்டுகளைத் தடுக்கும் மண்மேட்டின் முன்னால் இருந்த பலகையில் அந்தத் தாளைக் குத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கறுப்பைப் பார்த்து அஞ்சு குண்டு சுடுங்கக்கா."

எப்சிபா படுத்தாள். துப்பாக்கியின் கட்டையைத் தோளில் பொருத்தினாள். போல்ட்டைத் தள்ளிப் பூட்டினாள். நோயாளிகளிடம் தினமும் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்: மூச்சை அடக்கு, அசையாதே.

டப்.

ஸ்கோப்பில் பார்த்தாள். தாள் முழுக்கப் பொடி எழுத்து. குண்டு போன ஓட்டை எது, அச்சில் விழுந்த புள்ளி எது என்று தெரியவில்லை.

"எங்க பட்டுச்சு, கோச்?"

"தெரியலைக்கா."

"நீங்களாவது பெரிய தொலைநோக்கியில பாருங்களேன்."

நாச்சியார் பக்கத்தில் முக்காலியில் நின்ற பெரிய தொலைநோக்கியின் மூடியைப் போட்டு மூடினாள்.

எப்சிபாவின் விரல் தானாக ஸ்கோப்பின் திருகுக்குப் போயிற்று. டேப் தட்டுப்பட்டது. கையை எடுத்தாள்.

இரண்டாவது குண்டு. மூன்றாவது. நான்காவதைச் சுடுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. எங்கே போகிறது என்று தெரியாமல் சுடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி இருந்தது.

பின்னால் பெஞ்சில் தேன்மொழியும் ரஹ்மத்தும் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஐந்தாவது குண்டும் போயிற்று.

போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு, துப்பாக்கியைக் கீழே வைத்தாள். யாரும் சுடக்கூடாதென்று நாச்சியார் சிவப்புக் கொடியை ஏற்றினாள். நால்வரும் நடந்தார்கள்.

எப்சிபா முந்திக்கொண்டு ஓடினாள்.

கறுப்புச் சதுரத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை.

"பார்த்தீங்களா? ஒண்ணு! ஒண்ணுகூட படலை!" எப்சிபா மற்ற இருவர் பக்கம் திரும்பினாள். "நான்தான் சொன்னேனே. ரஹ்மத், மன்னிச்சுக்கம்மா. தேனு, நீயும்."

நாச்சியார் தாளருகே குனிந்தாள். கறுப்பிலிருந்து கண்ணை இறக்கி, இடதுபக்கக் கீழ்மூலைக்கு வந்தாள். அங்கேயே நின்றாள்.

பிறகு ஒரு குதி குதித்தாள்.

"கோச்?"

இன்னொரு குதி.

"ரஹ்மத், இந்த விளம்பரத்தைப் படி!"

ரஹ்மத் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு படித்தாள். "மணமகன் தேவை. நல்ல குடும்பம். பெண் எம்.எஸ்ஸி. சொந்த வீடு, கிணறு..." நிறுத்தினாள். "அதுக்கு மேல ஓட்டையா இருக்கு, கோச். படிக்க முடியலை."

"எத்தனை ஓட்டை?"

"ஒண்ணு, ரெண்டு... இதுல ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கு... அஞ்சு. அஞ்சும் இங்கதான் இருக்கு!"

"பக்கத்து விளம்பரத்துல?"

"ஒண்ணும் இல்லை."

"தாள்ல வேற எங்கயாச்சும்?"

"எங்கயும் இல்லை, கோச்."

எப்சிபா கிட்டே வந்தாள். கட்டைவிரலை அந்த ஓட்டைகளின் மேல் வைத்தாள். ஐந்தும் மறைந்தன.

விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"எல்லாம் ஒரே இடத்துல... நான் திருப்பாம விட்டதாலயா?" என்றாள்.

நாச்சியார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

எப்சிபா விரலிலிருந்து கறுப்புச் சதுரம் வரைக்கும் பார்த்தாள். ஒரு சாண் தூரம். மேலே கொஞ்சம். வலதுபக்கம் கொஞ்சம். அவ்வளவுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. தேன்மொழி எதற்கென்று புரியாமலே சேர்ந்து சிரித்தாள். "அந்தப் பொண்ணு வீட்டுக்கு அஞ்சு மாப்பிள்ளை ஒண்ணாப் போயிட்டாங்கக்கா!" என்றாள் ரஹ்மத். மண்மேட்டின் முன்னால் நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வந்ததும் நாச்சியார் டேப்பை உரித்தாள்.

"இப்ப திருப்புங்கக்கா."

எப்சிபா திருப்பினாள். மேல் திருகு டிக் டிக்கென்று நகர்ந்தது. பிறகு பக்கத் திருகு. அதன்பின் படுத்தாள்.

டப்.

இந்தத் தடவை நாச்சியார் பெரிய தொலைநோக்கியின் மூடியை எடுத்தாள். பார்த்தாள். ரஹ்மத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

ரஹ்மத் போட்ட கூச்சலில் அணில் வாயை மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அணி போட்டிக்குப் போயிற்று. கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் எப்சிபாவின் கடைசி இலக்கு அட்டையைப் பார்க்க வேறு கிளப்புக்காரர்கள் இரண்டு பேர் தேடி வந்தார்கள். ஒருவர் ஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்து, "இது எந்தக் கடையில கிடைக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பும்போது வேனில் தேன்மொழியும் ரஹ்மத்தும் பாடிக்கொண்டு வந்தார்கள். சுருதி சேரவில்லை. யாரும் கவலைப்படவில்லை.

எப்சிபா முன்சீட்டுக்குச் சாய்ந்தாள்.

"கோச், ஒண்ணு கேக்கணும். அது நல்ல துப்பாக்கின்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

"தெரியாதுக்கா."

"பொய் சொல்லாதீங்க. தெரியாமயா அவ்வளவு தைரியமா டேப்பைச் சுத்துனீங்க?"

நாச்சியார் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அப்படிக் குதிச்சிருப்பேனா?"