மாசானத்தின் பிரஷர்

டாக்டர் சபாநாயகம் நோயாளிகளைத் திட்ட மாட்டார். நர்ஸுகளை விட மாட்டார்.

குடலிறக்க ஆபரேஷனுக்காக வார்டில் படுத்திருந்தார் மாசானம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் மாசானத்துக்கு பிரஷர் எகிறும். ஆபரேஷன் தள்ளிப்போகும்.

"மாத்திரை குடுக்கத் துப்பில்ல, நீயெல்லாம் நர்ஸா? நாளைக்கு இவர் பிரஷர் இறங்கலேன்னா வேலையை விட்டு ஓடிரு!" என்று நர்ஸ் ஜெபராணிமேல் பாய்ந்தார் டாக்டர்.

மறுநாள் அவர் உள்ளே நுழைந்தபோதே மாசானத்தின் கையில் பிரஷர் பட்டை சுற்றியிருந்தது. மெஷினில் நூற்று இருபத்தெட்டு.

"இறங்கிடுச்சு சார்."

"பொய்! முட்டாள், மெஷினை ஒழுங்கா வைக்கக்கூடத் தெரியாதா உனக்கு?"

"மறுபடி பாத்துடலாம் சார்." ஜெபராணி பட்டனை அமுக்கினாள். நூற்று அறுபத்தெட்டு.

வார்டே எட்டிப் பார்த்தது.

"நான் இறக்கி வச்சதை நீங்க ஏத்திட்டீங்களே சார்!"

"ஆமா டாக்டரய்யா," என்றார் மாசானம். "அந்தம்மாவை நீங்க திட்டுனா எனக்குல்ல படபடங்குது!"

டாக்டர் வாயைத் திறந்தார். மெஷினைப் பார்த்தார். "பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க, சிஸ்டர்," என்றார், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

மறுநாளே ஆபரேஷன் நடந்தது.

இப்போதெல்லாம் டாக்டர் தலை தெரிந்தாலே, வார்டு மொத்தமும் பட்டை கட்டச் சொல்லிக் கையை நீட்டிவிடுகிறது.