பெயர் அழிந்த டிஸ்க்

கடலுக்குப் போன படகுகளின் வயர்லெஸ் பேச்சைப் பதிவுசெய்யும் நிலையம் அது. இன்னாசி அங்கே இருபத்தாறு வருடம் மைக் பிடித்தவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் சர்வரையும் அவர் தலையில் கட்டினார்கள். கற்றுக்கொடுக்க வந்த ஷமீமா அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை, ஹெட்போனில் ஒரு பழைய பதிவைக் கேட்டபடி சர்வரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பதிவில் பேசியது அவர் தம்பி கித்தேரியான். பதினோரு மாதத்துக்கு முன் படகோடு திரும்பாமல் போனவன்.

ஓரிடத்தில் சில கோப்புகள் கிடந்தன. அளவு பூஜ்யம் என்றது திரை. காலிக் கோப்புதானே என்று ஒன்றை அழித்தார்.

கொஞ்ச நேரத்தில், நகல் எடுக்கும் வேலை பாதியில் நின்றது. அப்படி ஒரு டிஸ்க்கே கிடையாது என்று செய்தி வந்தது.

பதிவுகள் அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. பட்டியலை மேலும் கீழும் தேடினார். அதன் பெயர் இல்லை.

அப்போதுதான் கவனித்தார். காதில் தம்பி இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

“காத்து திரும்புதுண்ணே. கேக்குதா?”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் மெலிதாக வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்திவிட்டு வேறொரு பதிவைத் திறந்தார். அதில் வேறொருவன் பேசினான். இல்லாத டிஸ்க்கின் பச்சை விளக்கு விடாமல் மினுங்கியது.

ஷமீமாவுக்குப் போன் போட்டார். மெஷினை அணைத்துப் போடட்டுமா என்று கேட்டார்.

“தொடாதீங்கண்ணே. இப்ப எத்தனை படகு கடல்ல இருக்கு?”

“பதினாலு.”

“அவங்க பேசுறதும் அதுலதான் பதிவாயிட்டிருக்கு. நான் வரேன்.”

அவள் வந்து சேரும்வரை அவர் அந்த விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வந்தவள் அவரைத் திட்டவில்லை. அழித்தது எதை என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அந்தக் காலிக் கோப்புதான் டிஸ்க்கின் பெயர் என்றாள். சர்வர் தன் டிஸ்க்குகளுக்கு உள்ளுக்குள் வைத்திருக்கும் எண்களைத் திரையில் வரவழைத்தாள். எட்டு, பதினேழு என்று இரண்டு எண்களை விரலால் காட்டினாள். பழைய பெயரையும் அந்த எண்களையும் சேர்த்து ஒற்றை வரியில் தட்டினாள். பட்டியலில் பெயர் வந்தது. நகல் எடுக்கும் வேலை மறுபடி ஓடத் தொடங்கியது.

இன்னாசி நாற்காலியில் சாய்ந்தார். முகம் இன்னும் தெளியவில்லை.

“சரியாயிடுச்சேண்ணே. அப்புறம் என்ன?”

தம்பி பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க இன்று சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டும் என்று மெல்லச் சொன்னார். பிறகு கேட்டார்.

“டீச்சர், அந்த ஒரு மணி நேரம் பேரே இல்லையே. அவன் எங்கேயிருந்து பேசினான்?”

ஷமீமா ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க எடுத்தது வாசல்ல இருந்த பேர்ப்பலகையைண்ணே. உள்ளே இருக்கறவங்களுக்கு அது தெரியாது.”