வலது ஓரத்து ஈரம்

சண்முகவேல் டவுன் பஸ் கண்டக்டர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். வந்த வம்பெல்லாம் அவன் தொண்டையால் வந்தது.

பின் படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தால் முன்னால் போகும் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அதே தொண்டையோடு மகள் மோனிஷா ஆடும் ஹாக்கி மேட்சுக்கெல்லாம் போவான். கோட்டோரமாகக் கூடவே ஓடுவான். "ஏறு! பாஸக் குடு! குனி, குனிஞ்சு ஆடு!" எதிர் டீம் பிள்ளைகள் சிரிப்பார்கள். மோனிஷா சிரிக்க மாட்டாள்.

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேட்ச். அவள் வயதுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் தேவசகாயத்திடம் போய் நின்றாள்.

"சார், எங்கப்பா வந்தா நான் இறங்க மாட்டேன்."

அவர் ஆள் விட்டுச் சண்முகவேலுக்குச் சொல்லி அனுப்பினார்.

காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தான். அவனுக்கும் ஒரு காலத்தில் ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரைக் கண்டால் இன்றைக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"பெத்த அப்பன் வரக் கூடாதுங்கா, சார்."

"எங்கிட்டயும் சொன்னா."

"அவளுக்காகத்தான கத்துதேன்? நான் என்ன கெட்டதா சொல்லுதேன்?"

"உன்னை ஆட வச்சப்போ நான் இப்படிக் கத்துனேனா, லே?"

"நீங்க கத்தல சார். பிரம்ப எடுத்தீங்க."

தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி சார், ஒரு அப்பன் என்னதான் செய்யணும்? எங்கதான் நிக்கணும்? அதையாவது சொல்லுங்க."

அவர் வேலியோரம் சுருண்டு கிடந்த ரப்பர் குழாயைக் காட்டினார்.

"நாளைக்குச் சாயங்காலம் வா. மைதானத்துக்குத் தண்ணி விடு. புழுதி அடங்கணும். எல்லா இடமும் ஒண்ணு போல. விட்டுட்டுக் குழாய மூடு."

"அப்புறம்?"

"மூடுன்னு சொன்னேன்லா."

மோனிஷாவிடம் அவரே பேசினார். "உங்கப்பன் மேட்ச் பாக்க வரல. ஞாயித்துக்கிழமை தண்ணி விடுத ஆளா குழாய்ப் பக்கம் நிப்பான்."

அவள் யோசித்தாள். "வாயத் திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டான்."

"நீங்க எங்கப்பா பஸ்ல ஏறுனதில்ல, சார்."

"ஏறிருக்கேன். ரெண்டு ஸ்டாப் முன்னாலயே இறங்கிட்டேன்."

முதல் தடவையாக அவள் சிரித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை சண்முகவேல் சொன்னபடி செய்தான். ஒழுங்காகவே செய்தான். குழாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதோடு விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்துவிட்டான். மோனிஷா ஆடுவது ரைட் விங், வலது ஓரம். அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் காய்ந்தாற்போலத் தெரிந்தது. காற்று வேறு அடித்தது. போன மாதம் இதே புழுதி கண்ணில் விழுந்துதான் பிள்ளை பந்தை விட்டாள். பாவம்.

அக்கம்பக்கம் பார்த்தான். குழாயைத் திறந்தான்.

அந்த மைதானத்தில் மேலே சரளை போட்டிருக்கும். அடியில் கரிசல். அளவாகத் தண்ணீர் பட்டால் கெட்டியாகக் கிடக்கும். கூடிப்போனால் பசை. அந்த ஊரில் பிறந்து, அங்கேயே விழுந்து எழுந்து ஆடினவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

மேட்ச் தொடங்கியது. தேர்வாளர்கள் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாஸே மோனிஷாவுக்கு வந்தது. அவளுக்கு நாலடி முன்னால் பந்து சேற்றில் பதிந்து நின்றுவிட்டது. ஓடி வந்து எடுப்பதற்குள் எதிராளி பிடுங்கிக்கொண்டு போனாள்.

அடுத்ததும் அப்படியே.

நடுவில் ஆடின பிள்ளை கத்தினாள். "ரைட்ல தராதீங்கடி! அங்க பந்து நிக்குது!"

பிறகு பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை. ஆட்டம் முழுக்க இடது ஓரத்தில் நடந்தது. மோனிஷா ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு, ஷூவில் அப்பின சேற்றோடு, தனியாக நின்றாள். ஒரு தடவை கையைத் தூக்கிக் கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை. தேர்வாளர்களும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

'அவளுக்குக் குடுங்க!' குழாய்ப் பக்கம் நின்ற சண்முகவேலுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

தேவசகாயம் மெல்ல நடந்து வந்தார். செருப்பால் மண்ணை அழுத்தினார். தண்ணீர் ஊறி மேலே வந்தது.

"இது நேத்து விட்ட தண்ணி இல்லையே."

"காலைல கொஞ்சம் விட்டேன், சார். இந்தப் பக்கம் மட்டும்."

"மத்தப் பிள்ளைக பக்கம்?"

"அங்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, சார்."

அவர் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் சண்முகவேலுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

இடைவேளை. டீம்கள் பக்கம் மாறின. இப்படி மாறும் என்பதும் அவனுக்கு மறந்தே போயிருந்தது. வலது ஓரம் தேர்வாளர்கள் இருந்த பக்கம் ஆகிவிட்டது; மோனிஷா அங்கே போய்விட்டாள். சேறு இப்போது அவள் டீமில் இடது ஓரத்தில் ஆடும் பிள்ளை தலையில் விடிந்தது. அந்தப் பிள்ளை வந்து காலை வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"எந்தக் கிறுக்கன் அங்கிள் இப்படித் தண்ணி விட்டான்?"

காலடியில் குழாய் கிடந்தது. பொய் சொல்ல வழியில்லை.

"நான்தாம்மா."

சொல்லிவிட்டு ஓடினான். மைதானத்து மூலையில் மணல் குவித்திருந்தது. சட்டி சட்டியாக அள்ளி வந்து கொட்டினான். காலால் மிதித்துப் பரப்பினான். விசில் ஊதும் வரை ஓட்டம். வேர்த்துக் கொட்டியது. சேறு பாதிதான் மூடியது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. எதிர்ப்பக்கம் தரை கெட்டி. பந்து ஓடியது. மோனிஷாவுக்கு ஒரு பாஸ் வந்தது, அப்புறம் இன்னொன்று. அவள் குனிந்து ஓடுவது இங்கிருந்து ஒரு நீலச் சட்டை நகர்வதாகத்தான் தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள். தேர்வாளர் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். என்ன நடந்தது என்று சண்முகவேலுக்குச் சரியாகத் தெரியவில்லை. எக்கி எக்கிப் பார்த்தான்.

தேவசகாயம் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நான் அந்தப் பக்கம் போய் நிக்கட்டுமா? சத்தியமா வாயத் திறக்க மாட்டேன்."

"இது காயுத வரைக்கும் இங்கயே நில்லு."

"எவ்வளவு நேரம் ஆகும், சார்?"

அவர் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ தொடாம இருந்தா, சீக்கிரம்."