மாஸ்டர் வாயால வந்த மூணாவது வார்த்தை

செங்காடனூர் ராஜா விஜயரங்க பூபதிக்கு ரெண்டு ஆசை. ஒண்ணு பாயசம், இன்னொண்ணு இங்கிலீஷ். பாயசம் சுலபமா உள்ள போயிடும். இங்கிலீஷ்தான் தொண்டையில சிக்கும்.

அதுக்காகப் பட்டணத்துலேருந்து சாரங்கபாணின்னு ஒரு மாஸ்டரை வரவழைச்சு அரண்மனையில வச்சிருந்தார். மாஸ்டருக்குப் படிப்பு ஜாஸ்தி, மரியாதை கம்மி. யாரைக் கூப்பிட்டாலும் "ஏ!" யாரைத் திட்டினாலும் "யூ!" தோட்டக்காரர்லேருந்து தளபதி வரைக்கும் இதே மாதிரிதான்.

சபையில பேச்சிமுத்துன்னு ஒரு விகடகவியும் இருந்தார். மாஸ்டர் பாடுபட்டு ராஜாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுப்பார். பேச்சிமுத்து வந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சா, படிச்ச வார்த்தை சிரிப்போட வெளிய போயிடும். இவனை வெளியேத்தினாத்தான் ராஜாவுக்கு இங்கிலீஷ் ஏறும்னு மாஸ்டர் முடிவு பண்ணிட்டார்.

ஒருநாள் சபையில எழுந்து நின்னார்.

"மகாராஜா, இங்கிலீஷ்ல உயிரெழுத்து அஞ்சு. ஏ, ஈ, ஐ, ஓ, யூ. இந்த அஞ்சும் வரிசை தப்பாம ஒரே வார்த்தையில வர்றது அபூர்வம். எனக்குத் தெரிஞ்சு ரெண்டே ரெண்டு நீள வார்த்தைதான்."

"அப்படியா! சொல்லும், சொல்லும்."

"முதல் வார்த்தை அப்ஸ்டீமியஸ். ஏ, பி, எஸ், டி, ஈ, எம், ஐ, ஓ, யூ, எஸ்."

"அர்த்தம்?"

"ருசியா இருந்தாலும் அளவோட நிறுத்திக்கிறவன்."

ராஜா வயித்தைத் தடவிக்கிட்டார். "அது இருக்கட்டும். அடுத்தது?"

"ஃபஸீஷியஸ். எஃப், ஏ, சி, ஈ, டி, ஐ, ஓ, யூ, எஸ். நேரங்காலம் தெரியாம தமாஷ் பண்றவன்னு அர்த்தம்."

சொல்லிட்டு மாஸ்டர் பேச்சிமுத்துவைப் பார்த்தார். சபையே பார்த்துச்சு.

"இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இந்தச் சபையில எதுக்கு நாற்காலி, மகாராஜா? மூணாவதா ஒரு வார்த்தை இவன் கொண்டு வரட்டும். அஞ்சு எழுத்தும் வரிசையா வரணும். நீளமா இருக்கணும். அர்த்தம் வேணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டட்டும்!"

ராஜாவுக்கு உற்சாகம் வந்துடுச்சு. "பேஷ்! நாளைக்கு நம்ம பிறந்தநாள் விருந்து. இலை எடுக்கறதுக்குள்ள சொல்லிடணும், பேச்சிமுத்து. இல்லேன்னா நாற்காலி காலி."

"ஆகட்டும் மகாராஜா. ஆனா வார்த்தை செல்லுமா செல்லாதான்னு யார் சொல்றது?"

"வேற யாரு?" மாஸ்டர் தன் வாயைக் காட்டினார். "இங்கிலீஷ் தெரிஞ்ச வாய் இங்க இது ஒண்ணுதான். இதுலேருந்து வந்தாத்தான் அது வார்த்தை."

"அந்த வாயிலேருந்து வந்தா போதுமா மாஸ்டர்?"

"தாராளமா!"

"மகாராஜா, நீங்க சாட்சி," ன்னு கும்பிட்டுட்டுப் பேச்சிமுத்து கிளம்பிட்டார்.

வீட்ல அவர் சம்சாரம் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டா. "ஏங்க, பேசறதைத் தவிர உங்களுக்கு ஒரு வேலையும் தெரியாதே. நாற்காலி போச்சுன்னா என்ன பண்ணுவோம்?"

"அதை விடு. வீட்ல ஏலக்காய் இருக்கா?"

மறுநாள் விருந்து. ராஜாவுக்குப் பக்கத்து இலையில மாஸ்டர். பேச்சிமுத்து சாப்பிடவே உட்காரல. "மகாராஜா பிறந்தநாளாச்சே, நானே பரிமாறுறேன்"னு பாயசத் தூக்கை வாங்கிக்கிட்டார்.

ராஜா மூணு டம்ளர் பாயசம் முடிச்சிட்டார். இலை எடுக்க ஆள் வந்து நின்னாச்சு.

"என்னப்பா, உன் வார்த்தை எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு மகாராஜா. அதுக்குள்ள இன்னும் ஒரு டம்ளர்."

நாலாவது டம்ளரை நீட்டினார். ராஜா ஆசையா வாய்கிட்ட கொண்டு போனார். அடுத்தவங்க இலையில குத்தம் பார்க்கறது மாஸ்டருக்குப் பழக்கம். எட்டிப் பார்த்தார். பாயசத்து மேல கறுப்பா, றெக்கையோட ஏதோ மிதக்குது. மாஸ்டர் துள்ளி எழுந்து பேச்சிமுத்துவைப் பார்த்து அலறினார்.

"ஏ! ஈ! ஐயோ! யூ..."

"போதும் மாஸ்டர்! அதோட நிறுத்திக்குங்க!" பேச்சிமுத்து தூக்கைக் கீழ வச்சிட்டுக் கையைத் தட்டினார். "கேட்டீங்களா மகாராஜா? ஏ, ஈ, ஐ, ஓ, யூ. வரிசை மாறல. வந்தது அந்த வாயிலேருந்துதான்."

மாஸ்டர் முழிச்சார். "நான் ஐயோன்னுல்ல சொன்னேன்?"

"ஐயும் ஓவும் ஒட்டி நின்னா ஐயோதானே? உங்க ஃபஸீஷியஸ்லயும் ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தானே நிக்குது?"

"அர்த்தம்? அர்த்தம் என்ன?"

"'பாயசத்துல ஈ விழுந்துருக்கு, குடிக்காதீங்க'ன்னு அர்த்தம். சொன்ன உடனே மகாராஜா டம்ளரை இறக்கிட்டார் பாருங்க. உங்க ரெண்டு வார்த்தையும் இவ்வளவு சீக்கிரமா யாருக்கும் புரியல."

"நீளம்? நீளமா இருக்கணும்னு சொன்னேனே!"

"சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு மாஸ்டர். இன்னும் எவ்வளவு நீளம் வேணும்?"

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டுது, ஆனா டம்ளரைப் பார்த்தா முகம் சுளியுது. "எல்லாம் சரிப்பா, ஆனா ஈ..."

பேச்சிமுத்து ரெண்டு விரலால அதை எடுத்து வாயில போட்டு மென்னார். சபையே "ஐயே"ன்னுச்சு.

"கிராம்பு, மகாராஜா. றெக்கை ரெண்டும் ஏலக்காய்த் தோல். கொஞ்சம் காரம், மத்தபடி நல்ல ஈ."

ராஜா சிரிச்ச சிரிப்புல டம்ளர் குலுங்கிப் பாயசம் பட்டுவேட்டியில கொட்டிடுச்சு. "போச்சு! இன்னிக்கு நான் மூணோட நிறுத்திக்கிட்டேன். நானே அப்ஸ்டீமியஸ் ஆயிட்டேன் மாஸ்டர்!"

"நான்தான் முந்தியே ஃபஸீஷியஸ் ஆச்சே," ன்னார் பேச்சிமுத்து.

"நாற்காலி உனக்குத்தான். அதுக்கு மேல என்ன வேணும், கேளு."

"பெருசா ஒண்ணும் வேணாம். அந்த அஞ்சுல கடைசி எழுத்தை மட்டும் எனக்கே குடுத்துடுங்க. அரண்மனையில வேற யாரும் எடுத்து யார் மேலயும் வீசக் கூடாது."

"குடுத்தேன்!"

அன்னையிலேருந்து செங்காடனூர் அரண்மனையில மாஸ்டர் நாலு எழுத்தை வச்சுத்தான் இங்கிலீஷ் பேசினாராம்.